இசைத்தட்டும் பாட்டும்

பழைய புகழை மீட்டெடுக்கக் கிளம்பும் குழுக்களின் இசைத்தட்டுகளைப் பற்றி எழுத எதுவும் இருப்பதில்லை என்பது பொதுவான அபிப்பிராயம். பெரும்பாலும் சரிதான். ஒரு காலத்தில் சோறு போட்ட பாட்டுகளைத் தூசி தட்டி, கூடவே புதிதாகப் பத்துப் பாட்டும் சேர்த்து, உறை போட்டு விற்கிறார்கள். வாங்குகிறவர்கள் தங்கள் இளமைக்கு விலை கொடுக்கிறார்கள். இந்தக் கொடுக்கல் வாங்கலில் விமர்சனத்துக்கு வேலை இல்லை. ஆனால் ஜர்னி என்ற அமெரிக்க ராக் குழு 2008 ஜூனில் வெளியிட்ட ‘ரெவலேஷன்’ விஷயத்தில் என்னால் அப்படி ஒதுங்கிக் கொள்ள முடியவில்லை. அது நல்ல இசைத்தட்டு என்பதால் அல்ல. பாதிக்கு மேல் அது நல்ல இசைத்தட்டே இல்லை. பாதிப்பு எது, நகல் எது, ஒரு குரல் எந்தக் கணத்தில் ஒருவனுடைய சொந்தக் குரலாகிறது என்று நாம் கவிதையை வைத்து வருஷக்கணக்காகப் போட்டுக் கொண்டிருக்கிற சண்டை, அந்தத் தட்டில் கையால் தொட்டுப் பார்க்கிற மாதிரிக் கிடக்கிறது என்பதால்.

முதலில் விவரங்கள். மூன்று தட்டுகள் கொண்ட தொகுப்பு. முதலாவதில் புதிய பாட்டுகள் என்று சொல்லப்படுகிற 11. இரண்டாவதில் 1978க்கும் 1986க்கும் இடையில் அக்குழு பாடிப் புகழ்பெற்ற பாட்டுகள் 11, திரும்பவும் ஒலிப்பதிவு செய்யப்பட்டவை. மூன்றாவது லாஸ் வேகாஸ் கச்சேரியின் வீடியோ. அமெரிக்காவில் வால்மார்ட் கடைகளில் மட்டுமே விற்றார்கள். பில்போர்ட் பட்டியலில் 5ஆம் இடத்தில் நுழைந்தது. இதற்கு முந்தைய தட்டான ‘ஜெனரேஷன்ஸை’ 2005இல் கச்சேரிக்கு வந்தவர்களுக்கு இலவசமாகவே கொடுத்துக் கொண்டிருந்தார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், மூன்று வருஷத்தில் நடந்தது என்ன என்ற கேள்வி எழும். நடந்தது ஒரு தொண்டை.

ஜர்னி 1973இல் ஸான் பிரான்ஸிஸ்கோவில் ஆரம்பித்தது. கார்லோஸ் ஸந்தானாவின் குழுவிலிருந்து வெளியே வந்த இருவர் அதன் மையம்: பையனாக இருக்கும்போதே அங்கே கிதார் வாசிக்கப் போன நீல் ஷான், ஆர்கன் வாசித்துக் கொண்டே பாடிய கிரெக் ரோலி. முதல் மூன்று தட்டுகளில் வாத்தியம்தான் பிரதானம், குரல் ஒப்புக்கு. விற்கவில்லை. முன்னால் நின்று பாட ஒரு ஆள் வேண்டும் என்று கொலம்பியா கம்பெனி நெருக்கியது. 1977இல் ஸ்டீவ் பெர்ரி வந்து சேர்ந்தார். 1978இல் ‘இன்ஃபினிட்டி’, 1981இல் ‘எஸ்கேப்’, 1983இல் ‘ஃப்ரண்டியர்ஸ்’. அதன் பிறகு ஜர்னி என்றால் அந்தக் குரல் என்று ஆகிவிட்டது. 1988இல் வந்த அவர்களுடைய வெற்றிப் பாட்டுத் தொகுப்பு அமெரிக்காவில் மட்டும் ஒன்றரைக் கோடிக்கு மேல் போயிருக்கிறது. ஆனால் பெர்ரியும் கம்பெனி கேட்டு அமர்த்தப்பட்ட குரல்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. அசல், அசல் என்று இன்று மார்தட்டுகிற ரஸிகர்கள் இதை வசதியாக மறந்து விடுகிறார்கள்.

1996இல் ‘ட்ரையல் பை ஃபயர்’ வெளிவந்த சமயத்தில் பெர்ரிக்கு இடுப்பெலும்பில் கோளாறு. அறுவை சிகிச்சைக்குத் தயங்கினார். மற்றவர்கள் காத்திருந்து பார்த்துவிட்டு 1998இல் ஸ்டீவ் ஆஜெரி என்பவரைப் பிடித்தார்கள். பெயரிலும் ஸ்டீவ், குரலிலும் சாயல். 2006இல் தொண்டைக் கோளாறு என்று அவரும் விலக, இடையில் ஒருவர் கொஞ்ச காலம் பாடிப் பார்த்தார். 2007இல் நீல் ஷான் யூடியூபில் துழாவிக் கொண்டிருந்தபோது அகப்பட்டவர்தான் ஆர்னெல் பினேடா. அப்போது அவருக்கு 40 நடந்து கொண்டிருந்தது. ‘தி ஜூ’ என்ற குழுவில், மணிலா விடுதிகளில், பிறர் பாட்டைப் பாடிக் கொண்டிருந்தார். 13 வயதில் தாயைப் பறிகொடுத்து, வைத்தியச் செலவில் குடும்பம் சிதறி, பூங்காவில் படுத்து, பாட்டிலும் பழைய காகிதமும் பொறுக்கி விற்று இரண்டு வருஷம் தெருவில் கழித்தவர். 15 வயதில் பாட ஆரம்பித்து, ஹாங்காங்கில் சில வருஷம் பாடிப் பிழைத்து, அங்கே குரல் கெட்டு ஊர் திரும்பி, தேறிப் பாடியவர். அமெரிக்க விஸாவுக்குப் போனபோது தூதரகத்தில் இருந்தவர், எங்கே, ஒரு பாட்டுப் பாடு பார்க்கலாம் என்று கேட்டதாகவும் இவர் பாடிக் காட்டியதாகவும் சொல்வதுண்டு. வேறொருவனைப் போலப் பாடி, தான் யார் என்று நிரூபிக்க வேண்டிய நிலைமை.

இந்த வாழ்க்கைச் சரித்திரத்தை வைத்துத் தட்டு நன்றாக விற்றது. 2012இல் ஒரு டாகுமென்டரிப் படமும் வந்தது. குப்பை பொறுக்கிய பையன் மேடை ஏறிய கதையில் எனக்கு அக்கறை குறைவு. அந்த வாழ்க்கை அவர் குரலை என்ன செய்தது என்பதுதான் விஷயம்.

மணிலாப் பாடகர்களிடையே ‘பிளாக்காடோ’ என்று ஒரு சொல் உண்டு. பிளாக்கா என்றால் இசைத்தட்டு. ஒரு பாட்டைத் தட்டில் இருக்கிறபடியே, மூச்சு விடும் இடம் உட்பட, இம்மி பிசகாமல் பாடுவது பிளாக்காடோ. 1898 முதல் 1946 வரை அமெரிக்க ஆட்சி. அதற்குப் பிறகும் 1990களின் தொடக்கம் வரை அமெரிக்க ராணுவத் தளங்கள். தளங்களைச் சுற்றி மதுக்கடைகள். மதுக்கடைகளில் ஊர் ஞாபகத்தில் குடிக்கிற சிப்பாய்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது வியாக்கியானம் அல்ல, தங்கள் ஊர் ரேடியோ. அங்கே பழகிய கையும் தொண்டையும் ஹாங்காங், சிங்கப்பூர், டோக்கியோ ஓட்டல்கள் எல்லாவற்றுக்கும் போயின. இதைக் கேவலமாகப் பேசுவது சுலபம். ஒரே ராத்திரியில் ஆறு பாடகர்களின் தொண்டையை அணிந்து கழற்றத் தெரிந்தவனுக்கு எப்படிப்பட்ட காது இருக்க வேண்டும் என்று யோசித்துப் பார்க்கலாம். அது வித்தை, சந்தேகமில்லை. ஆனால் அந்த வித்தையில் ஒரு நிபந்தனை இருக்கிறது: பாடுகிறவன் அங்கே இருக்கக் கூடாது.

‘ரெவலேஷ’னின் இரண்டாவது தட்டு முழுக்க முழுக்க பிளாக்காடோ. தயாரிப்பாளர் கெவின் ஷர்லி. ஒலிப்பதிவு எல்லாம் சுத்தம். பழைய பதிவுகளைக் காட்டிலும் மத்தளம் நெஞ்சில் அறைகிறது. ஆனால் வாத்திய அமைப்பு அதேதான், ஷானின் கிதார்ப் பதங்கள் அநேகமாக அதே, பினேடாவின் குரல் ஏறுகிற படிகளும் அதே. பல இடங்களில் பெர்ரி நழுவுகிற இடத்தில் இவரும் நழுவுகிறார்.

செக்கைப் பாஸ் பண்ணுகிற உத்தியோகத்தில் இருப்பதால் எனக்கு இதில் ஒரு சின்ன அனுபவம் உண்டு. மாதிரிக் கையெழுத்து முன்பு அட்டையில் இருந்தது, இப்போது திரையில் வருகிறது. இதில் வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாத ஒரு விஷயம்: உண்மையான கையெழுத்து ஒருநாள் போல் மறுநாள் இருக்காது. அவசரம், வயசு, பேனா, கோபம் எல்லாம் அதில் ஏறும். அச்சடித்த மாதிரி அப்படியே பொருந்துகிற கையெழுத்தைப் பார்த்தால்தான் கை நிற்கும். அடியில் வைத்து மேலே இழுத்ததோ என்று. இந்த 11 பாட்டுகளைக் கேட்கும்போது எனக்குக் கை நிற்கிறது. பினேடா மேல் சந்தேகப்பட்டு அல்ல. ஷான், ஜோனதன் கெய்ன், ராஸ் வலோரி ஆகிய மூவரும் இந்தப் பாட்டுகளில் பலவற்றை முதல் தடவை வாசித்தவர்கள். 25 வருஷம் கழித்து ஒருவன் தன் கையெழுத்தையே அடியில் வைத்து இழுப்பானா?

‘டோண்ட் ஸ்டாப் பிலீவி’னை எடுத்துக்கொள்வோம். நாலு நிமிஷத்துச் சொச்சம் ஓடுகிற பாட்டு. தலைப்பில் இருக்கிற வாசகம் மூன்று நிமிஷத்துக்கு மேல் போன பிறகுதான் வருகிறது. பல்லவியை முதலிலேயே எடுத்துக் கொடுத்துக் காதைப் பிடிக்கிற வியாபாரத்தில் 1981இல் இது ஒரு சூதாட்டம். பெர்ரியின் பாடலில் அந்தத் தள்ளிப்போடல் கேட்கிறது. எங்கே போகிறோம் என்று தெரிந்தும் தெரியாத மாதிரி ஒரு தயக்கம். 2007 ஜூன் 10 அன்று ‘தி ஸொப்ரனோஸ்’ தொலைக்காட்சித் தொடர் முடிந்தபோது கடைசிக் காட்சியில் ஒலித்து, பாட்டு மறுபடி உயிர் பெற்றது. அங்கே அது பாதியில் அறுபடுகிறது. 2008இல் இந்தப் பாட்டு எங்கே போய்ச் சேரும் என்பது உலகத்துக்கே தெரியும். தெரிந்து போன ஒன்றை எப்படித் தள்ளிப்போடுவது? இதுதான் திரும்பப் பாடுகிறவன் முன் இருக்கும் பிரச்சினை. இந்தத் தட்டில் அப்படி ஒரு பிரச்சினை இருப்பதாகவே யாருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை.

ஏன் இப்படி? இதில் ஒரு கணக்கு இருக்கிறது. பாட்டு வேறு, அதன் ஒலிப்பதிவு வேறு; சட்டத்தின் பார்வையில் இரண்டு சொத்து. பாட்டின் உரிமை எழுதியவர்களிடம் இருக்கும். மூல ஒலிப்பதிவு பெரும்பாலும் கம்பெனிக்குச் சொந்தம். சினிமாவோ விளம்பரமோ ஒரு பழைய பாட்டைக் கேட்டால் இரண்டு பக்கமும் பணம் கட்ட வேண்டும். ஒப்பந்தத்தில் கண்ட தடைக்காலம் முடிந்தபின் பாடகன் அதையே புதிதாகப் பதிந்து கொண்டால், புதிய பதிவு அவனுக்கு. டெய்லர் ஸ்விஃப்ட் 2021 முதல் தன் பழைய தட்டுகளைத் திரும்பப் பதிந்து வெளியிட்டது இந்த வழியில்தான். 2025இல் மூலப் பதிவுகளையே விலைக்கு வாங்கிவிட்டார். நியாயமான காரியம். ஆனால் இந்தக் கணக்கு பலிக்க வேண்டுமானால் புதியது பழையதாகவே கேட்க வேண்டும். சந்தை கேட்பது பாட்டை அல்ல, தட்டை. ஸ்விஃப்ட் நகல் எடுத்தது தன் தொண்டையை. இங்கே நகல் எடுக்க வேறொரு மனிதன் கடல் தாண்டி அழைத்து வரப்பட்டான். ஜர்னிக்காரர்களின் மனசில் என்ன இருந்தது என்பது எனக்கு முக்கியமில்லை. தட்டில் கேட்பது ஒரு கணக்கின் ஓசை.

இதில் மனசை உறுத்துகிற பாட்டு ‘லைட்ஸ்’. மூன்று நிமிஷத்துச் சின்னப் பாட்டு. விளக்குகள் எரிகிற விரிகுடாக் கரை நகரம் ஒன்றை விட்டு வந்தவன் அதை நினைத்து ஏங்குவது. பெர்ரி இதை முதலில் லாஸ் ஏஞ்சலஸை நினைத்து ஆரம்பித்தார். ஜர்னியில் சேர்ந்தபின் ஸான் பிரான்ஸிஸ்கோவுக்குப் பொருந்தும்படி மாற்றிக் கொண்டார். ஆக, ஊர் மாறக்கூடிய பாட்டு அது, பிறப்பிலேயே. மணிலாவும் விரிகுடாக் கரை நகரம். ஹாங்காங் ஓட்டல்களில் வருஷக்கணக்காகப் பாடிவிட்டு, இப்போது ஸான் பிரான்ஸிஸ்கோ விரிகுடாவின் இந்தக் கரையில், ஸாஸலீட்டோவில் இருக்கிற ஸ்டூடியோவில் வந்து நிற்கிறவருக்கு இந்தப் பாட்டில் சொல்ல என்ன இருக்கிறது என்று ஒருவராவது கேட்டிருக்க வேண்டாமா? ஒரு வார்த்தையும் மாற்ற வேண்டாம். தாளத்தைக் கொஞ்சம் தளர்த்தி, கூட்டுக்குரல்களை விலக்கி, அந்த மனிதனைத் தனியாக விட்டிருந்தால் போதும். அதற்குப் பதில் 1978இன் ‘லைட்ஸ்’ பளபளப்பாகத் துடைத்து வைக்கப்பட்டிருக்கிறது. பெர்ரியை விட அதற்குச் சொந்தம் கொண்டாடக் கூடிய ஒருவன் கிடைத்தும், அவனைப் பெர்ரியாகத்தான் பாட வைத்தார்கள்.

போர்ஹேயின் பியர் மெனார்ட் கதையை ஒரு நண்பர் எனக்கு எதிராக எடுத்துக் காட்டினார். செர்வான்டிஸின் நாவலை, பார்த்து எழுதாமல், வார்த்தைக்கு வார்த்தை அதுவாகவே திரும்ப எழுத முனைகிற மெனார்டின் வாக்கியங்கள் செர்வான்டிஸின் வாக்கியங்களை விடச் செழுமையானவை என்று அந்தக் கதைசொல்லி நிரூபிக்கிறான் அல்லவா. மணிலாத் தெருவிலிருந்து வந்தவன் பாடினால் அதே ஸ்வரங்களுக்கு வேறு அர்த்தம் வந்துவிடாதா என்று. கெட்டிக்காரத்தனமான வாதம்தான். ஆனால் மெனார்டை யாரும் சம்பளத்துக்கு அமர்த்தவில்லை. அவன் தன் நூற்றாண்டிலிருந்து, தன் அனுபவத்தின் வழியாக அதே வாக்கியத்துக்கு வந்து சேர வேண்டும் என்று முடிவு செய்து கொள்கிறான். அந்தத் தூரம்தான் அந்தக் கதை. பினேடாவை அந்தத் தூரம் நடக்கவே விடவில்லை. அதையும் மீறி அங்கங்கே ஏதோ நடக்கத்தான் செய்கிறது. ‘ஃபெய்த்ஃபுல்லி’யின் கடைசியில் குரல் உச்சத்தில் நிற்கும்போது, பெர்ரியிடம் இருந்த வெல்வெட் இல்லாமல், கொஞ்சம் தகரம் உரசுகிற மாதிரி ஒரு கூர்மை கேட்கிறது. அது பெர்ரியும் இல்லை, பிளாக்காடோவும் இல்லை. நான் அந்தப் பாட்டைத் திரும்பக் கேட்பது அதற்காகத்தான்.

அந்தக் கூர்மையைத் தேடித்தான் முதல் தட்டுக்குப் போனேன். அங்கே புதிய பாட்டுகள் என்று சொல்லப்படுவதில் ஒன்று, ‘ஃபெய்த் இன் தி ஹார்ட்லேண்ட்’, புதிது இல்லை. 2005இல் ஆஜெரி பாடியது. அவர் குரலை அழித்துவிட்டு மேலே இன்னொரு குரலை எழுதியிருக்கிறார்கள். அமெரிக்க உள்நாட்டின் உழைப்பாளியைப் புகழ்கிற அந்தப் பாட்டை மணிலாக்காரர் பாட, வால்மார்ட்டில் மட்டும் விற்பது என்பதில் உள்ள ஹாஸ்யத்தை அவர்கள் உத்தேசித்திருக்க மாட்டார்கள். ‘நெவர் வாக் அவே’ விறுவிறுப்பாகத் தொடங்கி, பழைய ஜர்னி எப்படி இருக்கும் என்று ஞாபகப்படுத்துகிறது. அதற்கு மேல் அதற்கு உத்தேசம் இல்லை. ‘ஆஃப்டர் ஆல் தீஸ் இயர்ஸ்’ ரேடியோவில் நன்றாக ஓடியது. கெய்னின் பியானோப் பாட்டுகளின் அச்சில் வார்த்த இன்னொன்று. கல்யாண நாள் வாழ்த்து அட்டை போன்ற உணர்ச்சி. இதிலும் பினேடா குறை வைக்கவில்லை. குறை, பாட்டு அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை என்பதுதான்.

‘வைல்டஸ்ட் ட்ரீம்’, ‘சேஞ்ச் ஃபார் தி பெட்டர்’ இரண்டிலும் நிலைமை வேறு. இவை பெர்ரியின் தொண்டைக்குத் தைத்த சட்டைகள் அல்ல. ஷானின் கிதார் முரட்டுத்தனமாகப் போகிறது, குரல் அதோடு மல்லுக்கு நிற்கிறது, அழகு பார்க்க அவகாசம் இல்லை. விடுதி மேடையில் குடிகாரர்களின் இரைச்சலுக்கு மேலாகப் பாடிப் பழகிய ஒரு தொண்டை தன் சொந்த அவசரத்தில் பேசுவது இங்கேதான். ‘வாட் ஐ நீடட்’டில் வேறு மாதிரி: கீழ் ஸ்தாயியில் கொஞ்சம் மெலிவான, பாதுகாப்பில்லாத குரல். அதைப் பெர்ரியின் குரலாக நிரப்பாமல் விட்டிருக்கிறார்கள். 22 பாட்டுகளில் மூன்று. வர்த்தகத் தட்டுக்கு இது மோசமான விகிதம் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பினேடாவை எதிர்த்துக் கூச்சல் போட்ட ரஸிகர்களில் ஒரு பகுதியினருக்கு அவர் நிறம்தான் பிரச்சினை. அவர்களோடு பேச ஒன்றும் இல்லை. இன்னொரு பகுதி, இவன் வெறும் மிமிக்ரி, பெர்ரிதான் சுயம்பு என்கிறது. இதற்குப் பதில் சொல்ல வேண்டும். பெர்ரி சுயம்பு இல்லை. ஸாம் குக்கைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த குரல் அது. அவரே அதை ஒளித்ததில்லை. வார்த்தையைத் தாளத்துக்குச் சற்றுப் பின்னால் கொண்டு வந்து வைப்பது, ஒரு உயிரெழுத்தை நாலைந்து ஸ்வரங்களில் குழைத்து இறக்குவது, எல்லாம் கறுப்பர்களின் தேவாலயப் பாட்டிலிருந்து குக் வழியாக வந்தவை. கலிபோர்னியாவின் வயல்புறத்து ஊரில் வளர்ந்த, போர்த்துகீசியக் குடும்பத்துப் பையன் ஒருவன் அவற்றை எடுத்து, இரைச்சலான கிதார்களுக்கு நடுவில் வைத்தான். வைத்த இடத்தில் அவை வேறாகிவிட்டன. வெள்ளைக்காரன் கறுப்பனிடம் எடுத்தால் அதற்குப் பாதிப்பு என்று பெயர், மணிலாக்காரன் வெள்ளைக்காரனிடம் எடுத்தால் நகல் என்று பெயர். இந்த அகராதி எனக்கு வேண்டாம். பெர்ரிக்குக் கிடைத்தது ஸாம் குக்கை வேறு இடத்துக்கு எடுத்துப் போகும் சுதந்திரம். பினேடாவிடம் பெர்ரியை அதே இடத்தில் வைத்துக் காட்டச் சொன்னார்கள். 2017இல் ராக் கௌரவக் கூடத்தில் ஜர்னியைச் சேர்த்துக் கொண்ட விழாவில் பெர்ரி மேடைக்கு வந்தார், பாடவில்லை, பினேடாவுக்குப் பெயர் சொல்லி நன்றி சொன்னார். பிறகு பாடியது பினேடா. பெர்ரிக்குப் புரிந்த அளவுக்கு அவருடைய பக்தர்களுக்குப் புரியவில்லை.

‘ரெவலேஷன்’ வந்து ஒன்பது மாசம் கழித்து, 2009 மார்ச் 14 அன்று ஜர்னி மணிலாவில் கச்சேரி செய்தது. ‘லைவ் இன் மணிலா’ என்று அதன் வீடியோ கிடைக்கிறது. இடம், மால் ஆஃப் ஏஷியாவின் திறந்தவெளி. கடலைத் தூர்த்து எடுத்த நிலம், மணிலா விரிகுடாவை ஒட்டியே. அன்றைக்கும் ‘லைட்ஸ்’ பாடினார்கள். வாத்திய அமைப்பில் ஒரு மாற்றமும் இல்லை. பினேடாவின் குரல் ஸ்டூடியோவில் இருந்த அளவு சுத்தமாக இல்லை. நடுவில் மூச்சு கேட்கிறது. நகரத்தைச் சொல்கிற வரியைத் தட்டில் உள்ளதை விடக் கொஞ்சம் அலட்சியமாக, பக்கத்தில் நிற்கிறவனிடம் சொல்வது போல விடுகிறார். கூட்டம் அதை வாங்கிக் கொள்கிறது. நான் இந்தப் பாட்டைப் பற்றி மேலே சொன்னதைச் சரிபார்க்க விரும்புகிறவர்கள் முதலில் 2008இன் இரண்டாவது தட்டைக் கேட்டுவிட்டு, உடனே இதைக் கேட்க வேண்டும். நடுவில் 1978இன் பெர்ரியைக் கேட்க வேண்டியதில்லை.